வண்டி நீங்கலாக

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முட்டி வலி குறைந்ததா, நாலு மாடி ஏறி இறங்க முடிகிறதா என்று எழுதுங்கள். ஃபோனில் கேட்கலாம்தான். ஆனால் நீங்கள் "என்ன? என்ன?" என்று கத்துவதில் உங்கள் பக்கத்து ஃப்ளாட்காரருக்குத்தான் எங்கள் வீட்டுக் கதையெல்லாம் போய்ச் சேருகிறது. கடிதமே மேல்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் கராஜைச் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத மாதிரி மாற்றலாம் என்று இருக்கிறோம். என் வீட்டுக்காரரின் தையல் அறைக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரே ஒரு மரக்கதவு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பழைய பெயிண்ட் டப்பாக்கள், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து என்று என்னென்னவோ சேர்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் நெடி மூக்கில் ஏறுகிறது. அவருக்குக் கொஞ்சம் இருமல். வீட்டுக்குள் இருக்கும் காற்றைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் புகையை அளந்தவர் நீங்கள். உங்களை விட்டால் நான் யாரைக் கேட்பது?

நீங்கள் எங்கள் கராஜில் விட்டுவைத்த அண்ணியின் வண்டி நன்றாக இருக்கிறது. ஞாயிறு தவறாமல் இவர்தான் கால் மணி நேரம் இன்ஜினை ஓட விடுகிறார். எதிர்வீட்டுக்காரர் சத்தம் என்று குறைப்பட்டதிலிருந்து, நீங்கள் அப்போது எழுதியபடியே ஷட்டரை முக்கால்வாசி இறக்கிக்கொள்கிறார்.

கராஜில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் அண்ணா. எல்லாவற்றையும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

*

பிப்ரவரி 15

என் தங்கைக்கு அண்ணனின் ஆசிகள்.

முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, லிஃப்ட்தான் இல்லை. மற்றபடி குறைவில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷத்தில் என்னிடம் ஒருவர்கூட யோசனை கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிப் பார்த்தால் ஓடிவிடுகிறார்கள். உடனே என் பழைய அளவுநாடாவைத் தேடி எடுத்தேன். எதை அளப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையை அளந்து வைத்தேன்.

இப்போது கேட்டுக்கொள். முதலில் வெளியேற்று, பிறகுதான் மாற்று. பெயிண்ட் மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடாதே. டப்பாவில் மரத்தூளைக் கொட்டிக் கிளறி, மூடாமல் வெளியில் வை. இறுகிய பிறகு கழிவு வாங்கும் நிலையத்தில் கொடு. பூச்சி மருந்தை எதனோடும் கலக்காமல் அப்படியே கொண்டுபோ. பழைய பேட்டரி இருந்தால் அதுவும் அங்கேதான். கராஜில் இருக்கும் குழல் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடு. உடைத்துவிடாதே, உள்ளே பாதரசம் இருக்கும்.

ஒரு பட்டியல் தாள் இணைத்திருக்கிறேன், நிரப்பு. "வண்டி நீங்கலாக, கராஜில் உள்ள பொருள்கள்" என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். வண்டியைப் பொருள்களோடு சேர்க்க முடியாது. அது வேறு விஷயம். உன் அண்ணி என்னை விட்டுப் போன அன்று, வாசலில் நின்று, "வண்டி இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்புறம் என்று சொன்னவள் என்றைக்காவது வருவாள். வந்து சாவி கேட்டால், ஓடுகிற வண்டியாகக் கொடுக்க வேண்டும். ஒரு மனுஷிக்கு மனசு மாறப் பதினோரு வருஷம் என்பது அப்படியொன்றும் நீளமில்லை.

மாப்பிள்ளையை வெந்நீர் குடிக்கச் சொல்.

இப்படிக்கு,
அண்ணன்

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் பட்டியலும் கிடைத்தன. நாங்கள் சுகம். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது அளந்து மட்டும் பார்க்கிறீர்களா?

பெயிண்ட் டப்பாக்கள் மொத்தம் இருபத்து மூன்று. வீட்டுக்கு நாங்கள் அடித்தது மூன்றே நிறம்தான். மற்ற நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று நானும் அவரும் ஒரு மாலை முழுவதும் யோசித்தோம், பிடிபடவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி மரத்தூள் போட்டு இறுக வைத்துக் கொடுத்தாகிவிட்டது. விளக்கையும் மாற்றிவிட்டோம். புது வெளிச்சத்தில்தான் கராஜ் எவ்வளவு அழுக்கு என்று தெரிந்தது. வண்டிக்குக் கீழே எண்ணெய் சொட்டி ஒரு வட்டம் பரவியிருக்கிறது. பழைய வெளிச்சத்தில் அதை நிழல் என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உன் அண்ணனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதும் பேனாவைத் தேடினார். பட்டியலை அவரே தன் கைப்பட எழுதிமுடித்தார்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. தையல் மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
தங்கை

*

மார்ச் 21

தங்கைக்கு ஆசிகள். நான் நலம். ஒத்தடம் கொடுக்கிறேன், நீ சொன்னதற்காக.

எண்ணெய் சொட்டும் இடத்தில் அகலமான தட்டு ஒன்றை வை. சேரும் எண்ணெயை மண்ணில் ஊற்றாதே, டப்பாவில் பிடித்துக் கழிவு நிலையத்தில் கொடு. தரைக்கறைக்கும் மரத்தூள்தான் மருந்து. நடுக்கதவின் நாலு பக்கமும் ரப்பர்ப் பட்டை ஒட்டு. சுவரில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டு வலை அடித்துவிட்டால் காற்று தானாக ஓடும். மின்விசிறி தேவையில்லை, மின்சாரமும் மிச்சம்.

அது இருக்கட்டும். மாப்பிள்ளை இருபத்தைந்து வருஷமாக அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து தைத்தவர். அந்த ஜன்னலில் இல்லாத வெளிச்சம் கூடத்தில் எங்கிருந்து வந்தது? இருமலைப் பற்றி நீ இரண்டு கடிதத்திலும் ஒவ்வொரு வரிதான் எழுதியிருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை.

இத்துடன் ஒரு படிவம் அனுப்புகிறேன். வேலையில் இருந்தபோது நான் பயன்படுத்தியதுதான். இரண்டு வாரம், ஒவ்வொரு நாளும், கராஜில் என்ன நடந்தது, அன்று இருமல் எப்படி இருந்தது என்று எழுது. உன் அனுமானம் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுது. எந்த முதலாளியையும் அவர் வாயால் சொன்னதை வைத்து நான் பிடித்ததில்லை. அவரவர் பதிவேட்டை வைத்துத்தான் பிடித்திருக்கிறேன். உன் வீட்டில் கெடுதல் எங்கிருந்து வருகிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். இடம் போதாததால் முக்கியமான நாள்களை இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் வாரம். திங்கள்: கராஜில் வேலை இல்லை. இரண்டு முறை இருமினார். புதன்: நடுக்கதவுக்கு ரப்பர்ப் பட்டை ஒட்டினோம். பசை நெடி. ஐந்தாறு முறை இருமினார். சனி: வேலை இல்லை. இருமல் இல்லை, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தார். ஞாயிறு: காலை ஒன்பதரைக்கு வண்டி, கால் மணி நேரம். மாலை வரை இருமல். மூச்சு வாங்கியது. நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார்.

இரண்டாம் வாரம். திங்கள்: நேற்றையது தொடர்ந்தது. மெஷினில் உட்காரவில்லை. வியாழன்: சுவரில் துளை போட்டோம். சிமெண்ட் தூசி. கொஞ்சம் இருமல். சனி: இருமல் இல்லை. ஞாயிறு: காலை ஒன்பதரைக்கு வண்டி, கால் மணி நேரம். அதேதான்.

அனுமானம் எதுவும் சேர்க்கவில்லை.

தங்கை

*

மே 28

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? படிவம் அனுப்பி ஏழு வாரம் ஆகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

உங்களுக்குக் கோபம் என்று நினைக்கிறேன். நியாயம்தான். நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்லாமல், உங்கள் படிவத்தை வைத்தே உங்களைக் குத்திவிட்டேன். கராஜை மாற்றப் போகிறோம் என்று முதல் கடிதம் எழுதினேனே, அன்றே சொல்ல நினைத்தது இந்த ஒன்றைத்தான். மற்றவற்றையெல்லாம் எழுதினால் நீங்களே அந்த இடத்துக்கு வந்து நிற்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனீர்கள். நானும் உங்கள் பின்னாலேயே சுற்றினேன்.

அவருக்குத் தெரிந்ததும் என்னைத்தான் திட்டினார். "ஒரு மனுஷன் பதினோரு வருஷமா ஒரே ஒரு நம்பிக்கைய பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அதையும் நாம பிடுங்கணுமா?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இன்னும் ஞாயிறுதோறும் சாவியைப் போடுகிறார். மச்சானுக்குக் கொடுத்த வார்த்தையாம். போன வாரம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் இனியும் புகையைத் தாங்காது என்றார். வீட்டில் புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். நானும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை

*

ஜூன் 5

என் அருமைத் தங்கைக்கு,

முதலில் இதைச் செய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன் மாப்பிள்ளையிடமிருந்து சாவியை வாங்கி உன் பீரோவில் வைத்துப் பூட்டு. வார்த்தை வாங்கியவனே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று சொல். பிறகு மீதியைப் படி.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. படிவத்தைப் பிரித்ததுமே இரண்டு ஞாயிறும் கண்ணில் பட்டுவிட்டன. சொன்ன மாதிரி, ஒரே பார்வை. ஷட்டரை இறக்கிக்கொள்ளச் சொன்னவன் நான்தான். ஒரு பட்டறையில் இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பூட்டுப் போட்டு, முதலாளியை வெயிலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பேன். ஊர் முழுக்கப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தவனுக்குத் தன் முதுகு தெரியவில்லை. மாப்பிள்ளையின் நெஞ்சில் நான் புகையைப் பிடித்து ஊதியிருக்கிறேன். இதை எப்படி எழுதினாலும் சின்னதாகத் தெரிகிறது.

ஏழு வாரம் ஏன் என்று கேட்பாய். வண்டி அவள் பெயரில் இருக்கிறது. உடைக்கக் கொடுக்க வேண்டுமென்றால் அவள் கையெழுத்து இல்லாமல் எவரும் எடுக்கமாட்டார்கள். அவளுக்குப் பதினோரு வருஷமாக நான் ஒரு வரி எழுதியதில்லை. வீட்டுக்குள்ளும் நீங்கள் இன்ஸ்பெக்டர்தான் என்பது அவள் புகார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தினமும் உட்கார்ந்து எழுதினேன். வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒன்று, நீ வந்து ஒருமுறை பார்க்கிறாயா என்று ஒன்று. எல்லாவற்றையும் கிழித்தேன். கடைசியில், வண்டியைக் கழிப்பதற்கான காகிதத்தில் உன் கையெழுத்து தேவைப்படுகிறது என்று ஒரே வரி எழுதி, காகிதத்தை இணைத்து நேற்றுப் போட்டுவிட்டேன்.

உன்னிடம் மறைப்பானேன். கழிக்க வேண்டாம், நான் வருகிறேன் என்று அவள் எழுதினாலும் எழுதுவாள் என்ற எண்ணம் இல்லாமல் அந்த உறையை என்னால் ஒட்ட முடியவில்லை. அப்படியே எழுதினாலும் வண்டி உன் வீட்டில் நிற்காது. கையெழுத்து வந்தால் போகப்போவது வண்டி மட்டும் இல்லை. அது உனக்கும் தெரியும், அதனால் ஆறுதல் எதுவும் எழுதாதே.

அண்ணன்

*

ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே சாவி பீரோவுக்குப் போய்விட்டது. கேட்டதும் கொடுத்துவிட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஊசியில் நூல் கோத்தார். ஒரு நூலைக் கோக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

இரண்டு ஞாயிறு ஓசையில்லாமல் போயின. ஒன்பதரை ஆனதும் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "என்ன, வண்டி ரிப்பேரா?" என்று விசாரித்தார். குறை சொன்ன வாயாலேயே.

ஆறுதல் எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதவில்லை. ஆனால் நீங்கள் தனியாக அந்த நாலாவது மாடியில் தபாலுக்குக் காத்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீழே அவர் எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

மச்சான், என் நெஞ்சு இருபத்தைந்து வருஷத் துணித்தூசியையும் தின்றிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தும் சொல்லாதவன் நான். பழி முழுவதையும் நீங்களே கட்டிக்கொண்டு போனால் எப்படி? பாதியை இங்கே விடுங்கள். உங்கள் அளவு என்னிடம் இருக்கிறது, ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். வயிறு கூடியிருந்தால் எழுதவும்.

தங்கை

*

ஜூலை 10

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள்.

நான் நலம். வயிறு கூடவில்லை, குறைந்திருக்கிறது.

காகிதம் வந்துவிட்டது. அனுப்பி எட்டு நாளில் வந்து என் பெட்டியில் கிடந்தது. உனக்கு அனுப்ப எனக்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வேறு எதுவும் எழுதவில்லை. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

உடைக்கிற இடத்துக்குக் கொடுக்கும் முன் கவனி. இன்ஜின் எண்ணெய், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர் மூன்றையும் தனித்தனியாக வடிக்க வேண்டும். பேட்டரியை முதலில் கழற்றச் சொல். ஏ.சி. வாயுவை அதற்கான கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும், காற்றில் விட்டுவிடக் கூடாது. இதெல்லாம் செய்கிறவர்களிடம் மட்டும் கொடு. இரும்புதானே என்று தூக்கிப் போகிறவர்களிடம் கொடுக்காதே. நான் வரவில்லை. முட்டி.

அண்ணன்

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? இங்கே நல்ல சேதிதான்.

போன செவ்வாய்க்கிழமை வண்டி போய்விட்டது. இரண்டு பேர் வந்தார்கள். நீங்கள் எழுதியதை நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, அதில் மூத்தவர், "யாரும்மா எழுதினது, எங்க முதலாளிக்கே இவ்வளவு தெரியாதே" என்றார். எங்கள் அண்ணன் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வாயுவையும் கருவி வைத்துத்தான் எடுத்தார்கள். இழுவை வண்டியில் ஏற்றும் முன் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று டாஷ்போர்டு, சீட்டுக்கு அடி, பின்பெட்டி எல்லாம் பார்த்தேன். ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. அண்ணி அப்போதே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

கறையை மரத்தூள் போட்டு மூன்று நாள் தேய்த்தோம். ஷட்டர் பகலெல்லாம் திறந்தே இருக்கிறது. மெஷின் பழைய ஜன்னலடிக்கு வந்துவிட்டது. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்தார். அப்படிப் படுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மணி பத்து நிமிஷம் தூங்கினார், ஒரு இருமல் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன். முழுசாகச் சரியாகாது, ஆனால் இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அது போதும் எனக்கு.

ஒன்று கேட்கலாமா? அண்ணி உண்மையிலேயே ஒரு வரிகூட எழுதவில்லையா? பதினோரு வருஷத்துக்குப் பிறகு கையெழுத்தை மட்டும் மடித்து அனுப்ப ஒருவருக்கு மனசு வருமா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

சட்டை தனிப் பார்சலில் வருகிறது.

அன்புடன்,
தங்கை

*

ஆகஸ்ட் 13

என் தங்கைக்கு,

சட்டை வந்தது. தோள் சரியாக இருக்கிறது. மாப்பிள்ளை மல்லாந்து படுத்துத் தூங்கினார் என்று எழுதிய பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் படித்த பிறகுதான் உனக்கு இதை எழுத முடிகிறது.

எழுதியிருந்தாள். காகிதத்தின் பின்னால் ஒரு சின்னச் சீட்டைக் குத்தியிருந்தாள். "அந்த வண்டி இன்னுமா இருக்கு? அப்பவே வித்திருப்பீங்கன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். கோபமாகவும் இல்லை, கேலியாகவும் இல்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரரைக் கடையில் பார்த்தால் கேட்கிற மாதிரி இருந்தது.

இரண்டு மாதமாக அந்தச் சீட்டை உன்னிடம் சொல்லவில்லை. முதலில் அவள் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால், கோபப்பட அதில் ஒன்றுமே இல்லை. வண்டியை வை என்று அவள் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதை நான்தான் வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். அவள் மறந்துபோன ஒன்றுக்காக மாப்பிள்ளை ஞாயிறுதோறும் புகை குடித்தார். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் வரவில்லை, முட்டியால் அல்ல. அடுத்த மாதம் வருகிறேன். வெட்கத்தோடேயே வருகிறேன்.

போன வாரம் அவளுக்கு ஒரு அஞ்சலட்டை போட்டேன். வண்டி முதல் வருஷமே போய்விட்டது, காகித வேலை மட்டும் பாக்கி இருந்தது என்று எழுதினேன். அவள் எப்போதாவது உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

அண்ணன்